ரைஃபிள் தோட்டாச் செலவைக் குறைக்க: எதை முதலில் செய்வது, ரீலோடிங்கை எப்போது தொடங்குவது

தோட்டாச் செலவு கையைக் கடிக்க ஆரம்பித்ததும் புதியவர்கள் பலர் நேராக ரீலோடிங் பிரஸ் வாங்கப் போய்விடுகிறார்கள். ரீலோடிங் என்பது சுட்ட காலிக் கூட்டில் புதுப் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. பிரஸ் அதற்கான கருவி. பிரஸ் வீட்டுக்கு வந்த பிறகுதான் காலிக் கூடுகள் போதாது, பிரைமர் கிடைக்கவில்லை, தன் ரைஃபிளுக்கு எந்த எடைக் குண்டு ஒத்துவரும் என்றே தெரியாது என்பதெல்லாம் புரிகிறது. பிரஸ் வாங்கியதில் தவறில்லை, வாங்கிய நேரம்தான் தவறு. கீழே உள்ள படிகளில் முதல் சிலவற்றுக்குப் பணமே தேவையில்லை, ஆனால் பெரும்பாலான சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த வரிசையிலேயே போங்கள்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

முதலில் சட்டம். ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம், வெடிமருந்தும் பிரைமரும் வைத்திருக்கத் தனி உரிமம் வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் வீட்டில் ரீலோடிங் செய்வது சாதாரண விஷயம், சில நாடுகளில் உரிமமின்றிச் செய்தால் குற்றம். உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் உரிமம் தரும் அலுவலகத்திலேயே கேளுங்கள். எத்தனை வாங்கலாம் என்று தெரியாமல் மொத்தக் கொள்முதல் கணக்குப் போடவே முடியாது.

அடுத்து, குழலில் பொறித்திருக்கும் எழுத்து. தோட்டா எந்த வகை என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். .223 ரெமிங்டன் என்று பொறித்த ரைஃபிளில் 5.56 நேட்டோ தோட்டா உள்ளே போய்விடும். ஆனால் 5.56 அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) குண்டுக்கு முன்னால் இருக்கும் இடைவெளி .223 அறையில் இல்லை, அதனால் அழுத்தம் எல்லை மீறலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இப்படி மாற்றி வாங்காதீர்கள்.

கையில் ஒரு நோட்டு, ஒரு வெர்னியர் காலிப்பர், கொஞ்சம் வெள்ளை இலக்குத் தாள் இருந்தால் போதும்.

1. ஒவ்வொரு தோட்டாவும் எங்கே போகிறது என்று எழுதுங்கள்

ஒரு மாதமாவது எழுதுங்கள். சைட் (குறி பார்க்கும் அமைப்பு) சரிசெய்ய எத்தனை, நிலைப் பயிற்சிக்கு எத்தனை, போட்டிக்கு எத்தனை, நண்பர்களோடு சும்மா சுட்டது எத்தனை என நான்கு பத்தி போதும்.

காரணம் எளிது. எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது? எழுதிப் பார்த்தவர்களின் நோட்டில் அடிக்கடி தென்படுவது, விலை உயர்ந்த போட்டித் தோட்டாவின் பெரும்பகுதி பயிற்சியின் கடைசி அரை மணி நேரத்தில், கை களைத்த பிறகு போயிருப்பது. அந்த நேரத்தில் எந்தத் தோட்டாவைச் சுட்டாலும் இலக்குப் பலகையில் வித்தியாசம் தெரியாது.

2. சுடாமலே பயிற்சி எடுங்கள்

டிரிகரை இழுக்கும் பழக்கம், மூச்சுக் கட்டுப்பாடு, நிலை இவற்றுக்கெல்லாம் தோட்டா தேவையில்லை. இதை டிரை ஃபயர் என்பார்கள். போட்டிகளில் சுடுபவர்களும் தினசரிப் பயிற்சியில் கணிசமான நேரத்தை இதற்கே ஒதுக்குகிறார்கள்.

செய்யும் முறை: எல்லாத் தோட்டாக்களையும் வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். போல்ட்டை (ரைஃபிளின் அறையை மூடும் தாழ்) திறந்து ரைஃபிளின் அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். மேகசினையும் கழற்றிப் பாருங்கள். பாதுகாப்பான திசையில், பின்னால் திடமான தடுப்பு இருக்கும் சுவரில், ஒரு சிறு புள்ளியை ஒட்டிக் குறி வையுங்கள். டிரிகர் சொடுக்கும் அந்தக் கணத்தில் முன்சைட் அசைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். நிஜச் சூட்டில் சத்தமும் உதையும் இதை மறைத்துவிடும், டிரை ஃபயரில் அப்பட்டமாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. .22 போன்ற ரிம்ஃபயர் (பிரைமர் கலவை கூட்டின் விளிம்பிலேயே இருக்கும் வகை) ரைஃபிள்கள் பலவற்றில் வெற்று அறையில் டிரிகரை இழுத்தால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அறையின் விளிம்பில் மோதிச் சேதமாக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்னாப் கேப் என்னும் போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு, பயிற்சி முடிந்தது என்று சொல்லிவிட்டுத் தோட்டாவைக் கொண்டுவந்த பிறகு "இன்னும் ஒரே ஒரு முறை" என்று மறுபடி குறி வைக்காதீர்கள். டிரை ஃபயரில் தவறுதலாகச் சுட்டுவிடும் விபத்து நேர்வது இந்த இடத்தில்தான்.

3. பயிற்சிக்கு மலிவான காலிபருக்கு மாறுங்கள்

.308 போன்ற பெரிய காலிபர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) ரைஃபிள் வைத்திருப்பவர், அதே நிலையில், அதே மாதிரியான டிரிகருடன் ஒரு .22 எல்.ஆர். ரைஃபிளில் பயிற்சி செய்தால் ஒரு சூட்டின் செலவு பல மடங்கு குறையும். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இன்னும் குறையும், ஏனென்றால் அதில் மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை, பெல்லட் மட்டும்தான்.

காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள .22 உண்மையிலேயே நல்ல ஆசிரியர். 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள மெதுவான குண்டு 100 மீட்டரில் காற்றுக்கு நன்றாகவே விலகும், உங்கள் கணிப்பு தப்பினால் பலகை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதில் கிடைக்காதது உதையைத் தாங்கும் பழக்கம் ஒன்றுதான். அதற்காகப் பெரிய ரைஃபிளை அவ்வப்போது எடுத்தால் போதும்.

4. உங்கள் ரைஃபிளுக்கு எது பிடிக்கிறது என்று சோதியுங்கள்

மொத்தமாக வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அவசரக்காரர்கள் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

ஒரே மாதிரி, அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு ரைஃபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடுவதில்லை. ரிம்ஃபயரில் ஒரே பிராண்டின் ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுப்பு) நன்றாகச் சுடும், அடுத்த லாட் சிதறும். லாட் எண் பெட்டியில் அச்சிட்டிருக்கும், சோதிக்கும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் எழுதி வைத்தால் சோதனை பாதிதான்.

சோதிக்க வேண்டிய நான்கைந்து வகைகளில் சிறு பெட்டிகளாக வாங்குங்கள். காற்று அடங்கிய காலை நேரத்தில், மேசையில் முன்னும் பின்னும் தாங்கு வைத்துச் சுடுங்கள். வகை மாறும்போதெல்லாம் முதல் பத்துப் பதினைந்து சூட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். .22 குண்டின் மேல் இருக்கும் மெழுகு அல்லது எண்ணெய் குழலில் படிந்து நிலைக்க அவ்வளவு தேவை. அதற்குப் பிறகு பத்துப் பத்தாக இரண்டு மூன்று தொகுதி சுடுங்கள்.

ஏன் பத்து? மூன்று தோட்டாத் தொகுதி அதிர்ஷ்டத்தில் ஒட்டிக்கொண்டு விழும். அதைப் புகைப்படம் எடுத்து வைத்து, அந்தப் பெட்டியையே மொத்தமாக வாங்கியவர்கள் அடுத்த வாரம் குழம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அளவிடும்போதும் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் எடுத்தால் மற்ற எட்டுச் சூடு சொல்லும் செய்தி வீணாகிறது. தொகுதியின் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தின் சராசரியை எடுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் நம்பலாம்.

இப்போது காசு மிச்சமாகும் இடத்துக்கு வருவோம். மலிவான தோட்டா தாங்கில் வைத்து 15 மி.மீ. தொகுதி தருகிறது, விலை உயர்ந்தது 10 மி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நின்று சுடும்போது உங்கள் கை மட்டுமே 30 மி.மீ. சிதறல் தருகிறது. இந்த இரண்டு சிதறல்களும் நேரடியாகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மலிவானதில் மொத்தம் சுமார் 33.5 மி.மீ., விலை உயர்ந்ததில் சுமார் 31.6 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. அதற்காக இருமடங்கு விலை கொடுப்பது வீண். படுத்துச் சுடும்போது கையின் சிதறல் 8 மி.மீ. ஆகிவிட்டவருக்குக் கணக்கே வேறு. அவருக்கு அதே இரண்டு தோட்டாக்கள் 17 மி.மீ., 12.8 மி.மீ. என்று வரும். 50 மீட்டர் போட்டிப் பலகையில் 10-வது வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, அங்கே இந்த வித்தியாசம் மதிப்பெண்ணாகவே மாறும். ஆகவே நல்ல தோட்டா போட்டிக்கும் படுத்துச் சுடுவதற்கும், சாதாரணத் தோட்டா மற்றதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

5. மொத்தமாக வாங்குங்கள், ஆனால் ஒரே லாட்டில்

சோதனையில் தேறிய லாட் எண்ணைச் சொல்லியே கடையில் கேளுங்கள். .22 தோட்டா 50 கொண்ட சிறு பெட்டி, 500 கொண்ட பெட்டி, 5000 கொண்ட பெரிய பெட்டி எனப் பெரும்பாலும் வரும். பெரிய பெட்டியை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்வது உங்கள் சட்டத்தில் அனுமதி இருந்தால் நல்ல வழி.

விலையை எப்போதும் ஒரு சூட்டுக்கு எவ்வளவு என்று மாற்றிப் பாருங்கள். அனுப்பும் செலவையும் வரியையும் சேர்த்த பிறகுதான் வகுக்க வேண்டும். தள்ளுபடியில் வந்த சிறு பெட்டி, அனுப்பும் செலவு சேர்ந்ததும் வழக்கமான பெரிய பெட்டியைவிட விலை அதிகமாகிவிடுவது அடிக்கடி நடக்கும்.

மலிவு என்று சொல்லி வரும் சிலவற்றில் கவனம் வேண்டும். பழைய ராணுவ உபரித் தோட்டாவில் பிரைமர் அரிப்புத் தன்மை கொண்டதாக இருக்கலாம். அது சுட்ட பிறகு குழலில் உப்பை விட்டுவைக்கும், அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஓரிரு நாளிலேயே துருவை உண்டாக்கும். எண்ணெய் துடைத்தால் உப்பு போகாது. தண்ணீர்தான் கரைக்கும், அதற்குப் பிறகுதான் உலர்த்தி எண்ணெய் போட வேண்டும். இரும்புக் கூடு போட்ட தோட்டாவை ரீலோட் செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குண்டின் மேலுறையில் இரும்பு இருந்தால் சில ரேஞ்சுகளில் அனுமதிக்கவும் மாட்டார்கள். ஒரு காந்தம் கொண்டுபோனால் கடையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொருவர் ரீலோட் செய்த தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் ரைஃபிளுக்குப் பொருந்திய அழுத்தம் உங்களுடையதற்குப் பொருந்த வேண்டும் என்றில்லை.

வாங்கியதைக் குளிர்ந்த, ஈரமில்லாத, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில், பூட்டிய பெட்டியில், பெட்டியின் மேல் லாட் எண் தெரியும்படி வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள்.

6. காலிக் கூடுகளை இன்றிலிருந்தே சேருங்கள்

ரீலோடிங் செய்வீர்களா என்று இன்னும் முடிவு செய்யாவிட்டாலும், சென்டர்ஃபயர் (கூட்டின் அடியில் நடுவே தனிப் பிரைமர் உள்ள வகை) ரைஃபிளில் சுட்ட பித்தளைக் கூடுகளை விடாதீர்கள். தோட்டாவின் பாகங்களில் திரும்பப் பயன்படுவது அது ஒன்றுதான். உங்கள் ரைஃபிளில் சுட்ட கூடு உங்கள் அறையின் வடிவத்துக்கே விரிந்திருக்கும், அதனால் கடையில் வாங்கும் பழைய கூட்டைவிட மதிப்பு அதிகம்.

கூட்டின் உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் பிரைமர் வகை, அது ரீலோடிங்குக்கு ஏற்றது. இரண்டு சிறு துளைகள் ஓரங்களில் இருந்தால் பெர்டான், பழைய பிரைமரை வெளியே தள்ளுவதே பெரும்பாடு, ஒதுக்கிவிடுங்கள். .22 எல்.ஆர். கூடுகளைச் சேர்ப்பதில் பயனில்லை. அதில் பிரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கிவிடுகிறது.

தயாரிப்பாளர் வாரியாகவும், எத்தனை முறை சுட்டது என்பது வாரியாகவும் தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கூட்டின் சுவர்த் தடிமன் மாறும், உள் கொள்ளளவு மாறும், அதே அளவு மருந்துக்கு அழுத்தமும் மாறும்.

7. பிரஸ் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஒரு சூட்டுக்கான ரீலோடிங் செலவு என்பது பிரைமர், மருந்து, குண்டு, இவற்றோடு கூட்டின் விலையை அது தாங்கும் தடவைகளால் வகுத்தது. மருந்தை எடையால் விற்பார்கள், அளவைக் கிரெய்னில் சொல்வார்கள். ஒரு கிலோவில் சுமார் 15,432 கிரெய்ன். ஒரு தோட்டாவுக்கு 25 கிரெய்ன் பிடிக்கும் காலிபரில் ஒரு கிலோ மருந்து 617 தோட்டாவுக்கு வரும், 42 கிரெய்ன் பிடிக்கும் காலிபரில் 367-தான். மருந்தும் பிரைமரும் ஆபத்தான சரக்கு என்பதால் அனுப்பும்போது தனிக் கட்டணம் போடுவதுண்டு. அதைச் சேர்க்க மறக்காதீர்கள், இரண்டையும் ஒரே முறையில் வாங்கினால் அந்தக் கட்டணம் ஒருமுறையோடு போகும்.

கடைத் தோட்டா 2 அலகு, உங்கள் செலவு 1.2 அலகு என்றால் மிச்சம் 0.8. கருவிகளுக்கு 640 அலகு போட்டிருந்தால் 800 சூட்டுக்குப் பிறகுதான் லாபம் தொடங்கும். வருடத்துக்கு 200 சுடுபவருக்கு நான்கு வருடம். அதிகம் விற்கும் சிறு காலிபரில் கடைத் தோட்டாவே மலிவு, அங்கே மிச்சம் சொற்பம். பெரிய காலிபரிலும், அரிய காலிபரிலும், போட்டித் தரத் தோட்டாவிலும்தான் ரீலோடிங் நன்றாகக் கொடுக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். மலிவாகக் கிடைத்ததும் அதிகம் சுடுவோம். மாதச் செலவு அப்படியே நிற்கும், சூடு மட்டும் கூடும். அது பிடித்திருந்தால் நல்லதுதான். மாதச் செலவே குறைய வேண்டும் என்பவருக்கு முதல் ஐந்து படிகளே போதும்.

8. ரீலோடிங்: வேலையின் வரிசை

புதியவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் போதும். அதோடு உங்கள் காலிபருக்கான டை செட் (கூட்டைச் சரியான அளவுக்கு அழுத்தவும் குண்டைப் பொருத்தவும் உதவும் அச்சுகள்), ஷெல் ஹோல்டர் (கூட்டின் அடியைப் பிடிப்பது), நம்பகமான தராசும் சோதனை எடைகளும், கூட்டை வெட்டும் டிரிம்மர், ஓரம் சீவும் கருவி, கூடு நிறுத்தும் பலகை, மருந்து தயாரிப்பாளரின் தற்போதைய கையேடு. அளவுகளைக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், யார் வாயிலிருந்தும் எடுக்காதீர்கள். கையேட்டில் சொன்ன அதே குண்டு, அதே மருந்து, தொடக்க அளவு, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் கூட்டைப் பாருங்கள். கழுத்தில் கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். பிறகு ஒரு மெல்லிய கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே கம்பி ஒரு பள்ளத்தில் தட்டினால் கூடு அங்கே மெலிந்துவிட்டது, அடுத்த சூட்டில் இரண்டாகப் பிரியலாம். இந்தச் சோதனைக்குச் சில நொடிதான் ஆகும்.

சுத்தம் செய்த பிறகு கூட்டின் வெளிப்புறத்தில் மெல்லிய பூச்சாக லூப் (வழுக்கும் எண்ணெய் அல்லது மெழுகு) தடவி டையில் அழுத்துங்கள். லூப் இல்லாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும், அதிகமாகிவிட்டால் தோள்பகுதியில் (கழுத்துக்குக் கீழே சரிந்து விரியும் இடம்) குழி விழும். போல்ட் ரைஃபிளில் தோளை 0.025 முதல் 0.05 மி.மீ. வரை மட்டும் பின்தள்ளும்படி டையை அமைத்தால் பித்தளை குறைவாக நீளும், கூடு அதிக நாள் வரும். டையை அடிவரை இறக்கிவிட்டு அப்படியே அழுத்துவதுதான் கூடு சீக்கிரம் மெலிந்துபோவதற்கு முக்கியக் காரணம்.

பிறகு நீளம் அளந்து, கையேட்டின் எல்லையைத் தாண்டினால் வெட்டி, ஓரம் சீவுங்கள். நீண்ட கழுத்து அறையின் முனையில் மோதிக் குண்டை இறுகப் பிடித்தால் அழுத்தம் ஏறும். அப்புறம் பிரைமர். அது கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே போய் உட்கார வேண்டும், விரலால் தடவினால் தெரியும்.

மருந்து ஊற்றும் கட்டத்தில் மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இரண்டு டப்பா இருந்தால் மீதி மருந்து தவறான டப்பாவுக்குத் திரும்பிப் போகும், அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பேச்சு, போன், தொலைக்காட்சி எதுவும் வேண்டாம். எல்லாக் கூட்டிலும் போட்டு முடித்ததும் பலகையை விளக்கின் கீழ் வைத்து ஒவ்வொன்றின் உள்ளும் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று காலியாகவோ உயரமாகவோ தெரிந்தால் அதைக் கொட்டி மறுபடி எடை போடுங்கள். அதன் பிறகுதான் குண்டைப் பொருத்த வேண்டும்.

பெட்டியில் தேதி, கூடு, பிரைமர், மருந்தும் அளவும், குண்டு, மொத்த நீளம் எழுதி ஒட்டுங்கள். எழுதாத பெட்டியில் இருக்கும் தோட்டாவைச் சுடக் கூடாது.

வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கூடு சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசியில் ஈயம் இருக்கும், அதனால் மேசையருகே உண்ணவோ குடிக்கவோ கூடாது. பிரைமரை அதன் பெட்டியிலிருந்து எடுத்து ஜாடியில் கொட்டி வைக்காதீர்கள், ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும். மூடியைத் திறந்ததும் காரமான நெடி வந்தாலோ, செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுவிட்டது.

9. சந்தேகத் தோட்டாவும் சந்தேகச் சத்தமும்

முதல் தொகுதியைச் சுடும்போது பத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் கூட்டின் அடியைப் பாருங்கள். போல்ட் திறக்க இறுக்கமாக இருந்தாலோ, அடியில் பளபளப்பான தேய்ப்பு விழுந்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள், அங்கேயே நிறுத்திவிட்டு மீதியைப் பிரித்துவிடுங்கள். குண்டு கழற்றும் சுத்தியலோ டையோ இதற்கென்றே கிடைக்கிறது. குண்டையும் கூட்டையும் மறுபடி பயன்படுத்தலாம்.

சூட்டின் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகவோ, உதை குறைவாகவோ இருந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. குண்டு குழலின் நடுவில் நின்றிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். ரைஃபிளைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். டிரிகர் இழுத்தும் வெடிக்காத தோட்டா என்றால் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருந்து, பிறகு போல்ட்டைத் திறங்கள்.

வெடிக்காத தோட்டாக்களையும் நம்பிக்கையில்லாதவற்றையும் அடையாளம் போட்ட தனி டப்பாவில் சேருங்கள். வீட்டுக் குப்பையில் போடாமல், ரேஞ்சிலோ உரிமம் தரும் அலுவலகத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். எந்த லாட்டிலிருந்து எத்தனை அப்படிப் போயின என்பதையும் முதல் படியில் தொடங்கிய நோட்டிலேயே குறித்துவிடுங்கள். அடுத்த முறை மொத்தமாக வாங்கும்போது அந்த லாட்டைத் தவிர்க்க அது உதவும்.